ஆறு ஆண் விரால்

ஏரிக்கரைத் தெரு, வல்லக்கோட்டை வழி
14.8.2024

மாப்பிள்ளை திருமலை அவர்களுக்கு,

மச்சான் சுப்பராயலு சொல்லச் சொல்ல பெரிய தங்கையின் மகள் சசிகலா எழுதுகிறாள். உங்கள் உடம்பும் என் தங்கை கனகத்தின் முட்டிவலியும் எப்படி இருக்கின்றன என்று எழுதவும். எனக்குக் கண் கொஞ்சம் மங்கல். மற்றபடி குறைவில்லை.

உங்கள் கடிதத்தைச் சசிகலா ஷிப்ட் முடிந்து வந்து படித்துக் காட்டினாள். காது போன பிறகு உங்களுக்கு எழுத்து கூடிவிட்டது. நான்கு பக்கம், நான்கு பக்கமும் விரால். ஆறு குஞ்சுக் கூட்டம் கண்டீர்களாம். குங்குமம் கரைத்த மாதிரி குஞ்சுகள் தண்ணீர் மேலே மொய்த்தனவாம். அடியில் தகப்பன் மீன் காவல் நின்று, கொக்கு காலை வைத்தால் காலைக் கடித்ததாம். எட்டாவது படித்த கை, எழுதத்தான் செய்யும்.

ஆனால் அந்த மீன் யாருடையது? எழுபத்தைந்தாம் வருஷம் ஆனி மாதம், வெள்ளிக்கிழமை, கனகம் உங்கள் வீட்டுக்குப் புறப்பட்ட அன்று நான்தான் எங்கள் மேற்கு மதகடியில் இறங்கி ஏழு விரால் குஞ்சு பிடித்துப் பித்தளைத் தவலையில் விட்டுக் கொடுத்தேன். உங்கள் ஏரியில் அதுவரை விரால் கிடையாது. கெளுத்தியையும் கெண்டையையும் வைத்துக் குப்பை கொட்டிக்கொண்டிருந்தீர்கள். ஏழில் ஒன்று உத்திரமேரூர் தாண்டும்போது செத்தது. மீதி ஆறு. இன்று அங்கே துள்ளுவது அந்த ஆறின் வம்சம். 'எங்கள் விரால்' என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதுகிறவர் இதையும் ஒரு வரி எழுதலாம்.

எங்கள் ஏரியிலும் இந்த வருஷம் மூன்று கூட்டம். மூன்றுக்கும் தகப்பன் காவல் இருக்கிறது. மீனும் உங்களுடையதைவிடப் பெரிசு.

கனகத்தை முட்டிக்கு நொச்சி போட்டு ஒத்தடம் கொடுக்கச் சொல்லவும்.

மச்சான்
சுப்பராயலு

(சித்தப்பா, மூன்று கூட்டம் என்று மாமா சொன்னார், எழுதினேன். நான் ஒன்றும் பார்க்கவில்லை. - சசிகலா)


வந்தவாசி
29.8.2024

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கண்டு மகிழ்ச்சி. கனகத்துக்கு முட்டி தேவலை. எனக்குக் காதைத் தவிர எல்லா உறுப்பும் வேலை செய்கிறது. தங்கள் கண்ணை ஸ்ரீபெரும்புதூரில் காட்டலாமே.

போன செவ்வாய்க்கிழமை இங்கே ஒரு பெண் வந்தாள். பெயர் ஷெர்லின். மீன் ஆராய்ச்சிப் படிப்பு. ஆறு மாதமாகத் தங்கள் ஏரியில்தான் வலை போடுகிறாளாம். தாங்கள் எனக்கு எழுதவே இல்லை. நான் செவிடு என்று தெரிந்ததும் ஒரு சிலேட்டு வாங்கிவந்து எழுதி எழுதிக் கேட்டாள். கனகத்தின் கல்யாணத் தவலைக் கதையைச் சொன்னதும் துள்ளிக் குதித்தாள். 'ஒரே வம்சம், இரண்டு தண்ணீர்' என்று சிலேட்டில் பெரிதாக எழுதி இரண்டு கோடு போட்டாள். அவள் நோட்டில் இனி நம் இரண்டு ஏரியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். என் ஏரிக்கு மேலே 'நல்ல ஏரி' என்று எழுதியிருக்கிறாள். நான் எழுதச் சொல்லவில்லை.

தங்கள் பக்கத்தில் என்ன எழுதியிருந்தது என்று நானாகப் பார்க்கவில்லை. அவள்தான் காட்டினாள். ஒன்பது ஆண் மீன் பிடித்தாளாம், ஒன்றிலும் விந்துப் பால் இல்லையாம், ஐந்தின் வயிற்றில் சினையாம். குஞ்சுக் கூட்டம் ஒன்றே ஒன்று கண்டாளாம். அதற்கும் தகப்பன் காவல் இல்லாமல் நாரை வந்து ஒரு பொழுதில் தின்று தீர்த்ததாம். தாங்கள் மூன்று கூட்டம் என்று எழுதியிருந்தீர்கள். அவள் கணக்கில் பிசகு இருக்கலாம். படித்த பெண்தானே.

கனகம் அண்ணனை விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

தங்கள் அன்பிற்குரிய
திருமலை


16.9.2024

மாப்பிள்ளை அவர்களுக்கு,

கடிதம் வந்தது. படித்து முடித்ததும் சசிகலா டீ போடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். இன்னொரு தரம் படி என்றேன். நீங்களும் தங்கையும் சுகமாக இருப்பது கேட்டுச் சந்தோஷம்.

அந்தப் பெண் சொன்னதை நம்புவதா என்பதை நீங்களே முடிவு பண்ணுங்கள். சேற்றில் பூட்ஸோடு இறங்கி ஒரு பூட்ஸை விட்டுவிட்டு வந்தவள். நான்தான் கையை விட்டு எடுத்துக் கொடுத்தேன். என் தெர்மாகோல் தெப்பத்தில் உட்கார்ந்து என்னையே கேட்கிறாள்:

"ஐயா, இதுல ஆண் மீன் எது?"

"இன்னா கேள்வி கேக்குற? ஒம்போதும் ஆணுதான். தலையப் பாரு, ஒடம்பப் பாரு. அறுபது வருசமா இந்த மதகத் தொறந்து மூடிக்கினு கீறேன், எனக்குத் தெரியாதா?"

"அப்படின்னா பால் எங்க?"

கரைக்கு வந்து ஒன்றைக் கீறி, பால்பையை அறுத்து, பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தாள். "பாருங்க ஐயா. பால் இருக்க வேண்டிய எடத்துல முட்டை கிடக்கு."

"கண்ணாடியத் தொடச்சிட்டுப் பாரும்மா."

அவள் சிரிக்கவில்லை. கரைமேல் உட்கார்ந்து விளக்கினாள். மாத்திரைக் கம்பெனித் தண்ணீரும், லேடீஸ் ஹாஸ்டல்களிலிருந்து லாரி அள்ளிவந்து கால்வாயில் கவிழ்க்கிற கழிவும் எங்கள் ஏரிக்குத்தான் வருகின்றனவாம். "பொம்பளைங்க சாப்பிடுற மாத்திரையோட சத்து அதுல இருக்கு ஐயா. ரொம்பக் கொஞ்சம்தான், ஆனா மீனுக்கு அதுவே போதும். ஆண் மீன் தான் ஆணுங்கிறதையே மறந்துரும். குஞ்சைக் காக்கணும்னு தோணாது."

"எங்க ஏரி விரால் எதையும் மறக்காது" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். தகப்பன் இல்லாத கூட்டம் என்று அவள் எழுதியிருக்கிறாளே, அன்றைக்கு அந்தத் தகப்பன் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தது. அவ்வளவுதான்.

அது கிடக்கட்டும். மதகுக் கல் பட்டுக் காலில் புண். ஆறமாட்டேன் என்கிறது. உயிரோடு இருக்கிற விரால் குழம்பு வைத்துச் சாப்பிட்டால் சதை கூடும் என்று வைத்தியர் சொல்கிறார். ஆண் மீன்தான் புண்ணுக்கு நல்லதாம், பொட்டை வேண்டாமாம். எங்கள் ஏரியில் இப்போது தண்ணீர் ஏறிக் கிடக்கிறது, பிடிக்க ஆகவில்லை. முடிந்தால் ஆறு ஆண் விரால் உங்கள் பையன் பாபுவிடம் கொடுத்தனுப்பவும். ஷெர்லின் ஐப்பசி கடைசியில் மறுபடி வலை போட வருகிறாள். அதற்குள் வந்தால் தேவலை. அவள் வருவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கால் ஆறவேண்டும்.

மச்சான்
சுப்பராயலு


7.10.2024

மச்சான் அவர்களுக்கு,

காலில் புண் என்று படித்துக் கனகம் அழுதுவிட்டாள். சர்க்கரை பார்த்தீர்களா? வெறுங்காலோடு மதகில் இறங்க வேண்டாம் என்று நூறு முறை சொல்லியிருக்கிறாள்.

பாபு வண்டியில் வாளி வருகிறது. ஆறும் ஆண். ஒவ்வொன்றையும் அடிவயிற்றில் அழுத்தி, பால் வருகிறதா பார்த்துத்தான் போட்டேன். தண்ணீர் கொஞ்சமாக வைத்து ஈரச்சாக்கு மூடியிருக்கிறது. மேலே வந்து மூச்சு விடுகிற சாதி என்று தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தாங்கள்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள்.

குழம்புக்குப் புளி வேண்டாமாம், மிளகும் பூண்டும் தூக்கலாம். தலையைத் தனியாகச் சூப் வைக்க வேண்டுமாம். இதெல்லாம் கனகம் சொல்வது. நான் சொல்வது ஒன்றுதான். அன்றைக்குத் தவலையில் ஆறு வந்து சேர்ந்தது, இன்றைக்கு வாளியில் ஆறு திரும்பி வருகிறது. இனிமேல் யார் விரால் என்கிற பேச்சு நமக்குள் வேண்டாம்.

கால் ஆறியதும் ஒரு வரி போடவும்.

திருமலை


21.10.2024

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

சசிகலா எழுதுவது. இது மாமா சொல்லி எழுதுவதில்லை. கம்பெனி கேன்டீனில் உட்கார்ந்து எழுதுகிறேன். சித்தியின் முட்டி எப்படி இருக்கிறது? பாபு அண்ணன் பத்திரமாக வந்து சேர்ந்தாரா?

நீங்கள் அனுப்பிய மீனில் ஒன்றுகூடக் குழம்பாகவில்லை. பாபு அண்ணன் வாளியை வைத்ததுமே, "அடுப்பு எரியுது, நீ கெளம்புப்பா, வேலைக்கு நேரமாவுது" என்று மாமா ஒரு வாய்க் காபி குடிக்கவிடாமல் விரட்டினார். அடுப்பில் பால்கூட இல்லை. எனக்கு அன்று இரண்டாவது ஷிப்ட், வீட்டில்தான் இருந்தேன். மத்தியானம் வாளியைத் தலையில் வைத்துக்கொண்டு மேற்கு மதகுக்குப் போனார். பின்னாலேயே போய்ப் பார்த்தேன். மதகுக் குழியைச் சுற்றி வலை கட்டி ஆறையும் அதற்குள் விட்டார்.

"மாமா, கால்ல புண்ணுன்னீங்களே, எங்க?"

"புண்ணு உள்ள கீதும்மா. நீ வூட்டுக்குப் போ."

ஷெர்லின் அக்கா வரும் அன்று வலையை அவிழ்த்துவிட்டு, அந்த இடத்திலேயே அவரை வலை போட வைப்பார் என்று நினைக்கிறேன். 'நல்ல ஏரி' என்று உங்களுக்கு எழுதின எழுத்து மாமாவுக்கும் வேண்டும். வேறு ஒன்றுமில்லை. நீங்கள் எழுதிய கடிதத்தை மூன்று முறை படிக்கச் சொன்னார். அந்த இடம் வரும்போதெல்லாம் "உம், மேல படி" என்பார்.

நானும் ஒன்று சொல்ல வேண்டும். லைனில் லீவு போட்டால் ஓவர்டைம் காசு போய்விடும் என்று எங்கள் கம்பெனி ஹாஸ்டல் பெண்கள் மாதவிலக்கைத் தள்ளிப்போட மாத்திரை போடுகிறார்கள். நானும் இரண்டு மாதம் போட்டேன். ஷெர்லின் அக்கா சொன்ன பிறகு ஏரிப் பக்கம் போனாலே ஒரு மாதிரி இருக்கிறது. நாங்கள் முழுங்கியதும் அங்கேதான் போய்ச் சேருகிறது.

நான் சொன்னேன் என்று மாமாவுக்குத் தெரிய வேண்டாம்.

சசிகலா


9.11.2024

மச்சான் அவர்களுக்கு,

தீபாவளி நல்லபடி கழிந்ததா? இங்கே மழை. பாபு சுகமாக வந்து சேர்ந்தான்.

கால் எப்படி இருக்கிறது? குழம்பு எப்படி இருந்தது? ஆறில் பெரியதைத்தான் முதலில் வெட்டியிருப்பீர்கள், தலைக்கறி யாருக்கு? கனகம் கேட்கச் சொன்னாள். நானும் கேட்கிறேன்.

திருமலை


2.12.2024

மாப்பிள்ளை அவர்களுக்கு,

மழையில் நனையாமல் பார்த்துக்கொள்ளவும். உங்களுக்கு நெஞ்சில் சளி சட்டென்று கட்டும். எண்பத்தைந்தாம் வருஷப் புயலில் அப்படித்தான் பதினோரு நாள் படுத்தீர்கள்.

கால் ஆறிவிட்டது. குழம்பு மிளகு தூக்கல், நன்றாகவே இருந்தது. தலை சசிகலாவுக்கு.

ஒரு செய்தி. ஷெர்லின் வந்து வலை போட்டாள். மேற்கு மதகுப் பக்கம் போடச் சொன்னேன், அங்கேதான் ஆழம். மூன்று ஆண் விரால் விழுந்தது. அழுத்தினாள், மூன்றிலும் பால் பீச்சிக்கொண்டு வந்தது. அவள் சட்டையெல்லாம் பட்டது. அந்தப் பெண்ணுக்குத் தலைகால் புரியவில்லை.

"ஐயா! ஏரி திரும்புது போல இருக்கே ஐயா!"

"நான் அன்னிக்கே சொன்னேன், நீதான் கண்ணாடி கண்ணாடின்னே."

என் கையில் பெரிய மீனைக் கொடுத்துப் போட்டோ பிடித்தாள். பிறகு மூன்றையும் ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்துப் போனாள். நோட்டில் எங்கள் ஏரிப் பக்கத்தைத் திருப்பி என்னவோ எழுதினாள். என்ன எழுதுற என்று கேட்டேன். 'தேறி வரும் ஏரி' என்று படித்துக் காட்டினாள். உங்களுக்கு எழுதினது இரண்டு சொல், எனக்கு மூன்று சொல். சும்மா சொல்கிறேன்.

இரண்டு நாள் நல்ல தூக்கம்.

கனகத்துக்கு என் ஆசீர்வாதம்.

மச்சான்
சுப்பராயலு


10.2.2025

மாப்பிள்ளை அவர்களுக்கு,

கார்த்திகையில் போட்ட கடிதத்துக்குப் பதில் இல்லை. பொங்கலுக்கும் ஒரு வரி இல்லை. போன் போட்டால் கனகம், "அவரு நல்லாத்தான் கீறாருண்ணே, என்னமோ யோசனையா கீறாரு" என்கிறாள். உடம்புக்கு ஒன்றுமில்லையே? ஒன்றுமில்லை என்றால் எழுதுவதற்கு என்ன கேடு?

இங்கே நான் பெரிய மனுஷன் ஆகிவிட்டேன். மாத்திரைக் கம்பெனி இன்னொரு மடங்கு பெரிசாகப் போகிறதாம். சுத்தம் செய்த தண்ணீர் என்று சொல்லி, அதையும் குழாய் போட்டு எங்கள் வரத்துக் கால்வாயிலேயே விடப் போகிறார்கள். பஞ்சாயத்து ஆபீசில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. இத்தனை வருஷம் தண்ணீர் வந்தும் மீன் நன்றாகத்தான் இருக்கிறது, ஆராய்ச்சிக்காரப் பெண்ணே எழுதியிருக்கிறாள் என்று அதில் போட்டிருப்பதாகச் சசிகலா படித்தாள். மார்ச் பன்னிரண்டாம் தேதி ஒரகடம் கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். கம்பெனிக்காரர்கள் வீட்டுக்கு வந்து எனக்குப் பொன்னாடை போட்டார்கள். பஸ் நிறுத்தத்தில் ஃபிளெக்ஸ் கட்டியிருக்கிறார்கள். ஆள் உயரத்துக்கு நான், கையில் விரால், மேலே 'நலமான ஏரி, நலமான ஊர்'. டீக்கடையில் ஜீவானந்தம், "பெருசு, எலக்சன்ல நிக்கிறியா?" என்கிறான்.

அந்தப் போட்டோவில் ஒன்றை இதோடு அனுப்புகிறேன். உங்கள் வயிறு எரியட்டும் என்று அனுப்பவில்லை. கனகம் பார்க்கட்டும்.

எனக்கு ரொம்பச் சந்தோஷம் என்று எழுதச் சொன்னேன். சசிகலா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். "மாமா, அந்தக் கொழா வந்துட்டா ஏரி அவ்ளோதான், அத்தச் சொல்லுங்க" என்கிறாள். எனக்குத் தெரியாதா? இப்போது என்ன சொல்லச் சொல்கிறாள்? எதைச் சொல்ல, யாரிடம் சொல்ல? பிறகு சமாதானம் ஆகி எழுதினாள்.

பதில் போடவும்.

மச்சான்
சுப்பராயலு


24.2.2025

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. கனகம் போட்டோவைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். நல்ல மீன். செவுளுக்குப் பின்னால் ஒரு வடு தெரிகிறது. அது எப்போது வந்தது என்று கேட்கலாமென்று இருந்தேன். வேண்டாம்.

எழுத வந்தது வேறு விஷயம். மார்ச் பன்னிரண்டாம் தேதிக் கூட்டத்துக்கு நான் வருகிறேன். ஏரியைத் தெரிந்த ஒரு பெரியவர் பேச வேண்டும் என்று ஷெர்லின் என்னைத்தான் கேட்டுக்கொண்டாள். பேப்பர்காரர்கள் எல்லாம் வருவார்களாம். பேச வேண்டியதை எட்டுப் பக்கம் எழுதி வைத்துவிட்டேன். தங்கள் ஏரியில் குஞ்சுக்குத் தகப்பன் இல்லை, ஆண் மீன் வயிற்றில் சினை நிற்கிறது, நவம்பரில் வலையில் விழுந்த மூன்றை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது என்று நானே அதிகாரிக்கு எடுத்துச் சொல்லிவிடுகிறேன். எந்த மதகடியில் எத்தனை ஆழம் என்பதுகூட எனக்கு நினைவிருக்கிறது, கல்யாணமான புதிதில் பார்த்ததுதானே.

தாங்கள் சிரமப்பட்டு வர வேண்டாம். இப்போதுதான் ஆறிய கால். வீட்டிலேயே இருங்கள்.

தங்கள் அன்பிற்குரிய
திருமலை


14.3.2025

மாப்பிள்ளை,

உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து நான் சோறு சரியாகச் சாப்பிடவில்லை. என் ஏரியைப் பற்றி நீங்கள் பேசுவதா? எட்டுப் பக்கமா? மேற்கு மதகின் ஆழம் உங்களுக்குத் தெரியுமா? எழுபத்தைந்தில் நீங்கள் பார்த்தது கிழக்கு மதகு. மேற்கு மதகை எழுபத்தெட்டில்தான் இடித்துக் கட்டினோம்.

அதனால்தான் போனேன். நல்ல எண்ணத்தில் போனேன் என்று நினைத்துவிட வேண்டாம். சசிகலா ஷிப்ட் மாற்றிக்கொண்டு கூட வந்தாள். மண்டப வாசலில் ஷெர்லின் நின்றிருந்தாள்.

"எங்க மாப்பிள்ள எங்கம்மா? உள்ள குந்திக்கினாரா?"

"எந்த மாப்பிள்ளை ஐயா?"

"திருமலை. நீதான பேசக் கூப்டே?"

"நான் யாரையும் கூப்பிடலையே. ஐயாதானே கம்பெனி சார்பா பேசப் போறதா சொன்னாங்க" என்று முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

சசிகலாவைப் பார்த்தேன். அவள் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புரிந்துவிட்டது. அப்படியே வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம். ஒரு டீ குடித்தேன். திரும்பத்தான் நினைத்தேன். உள்ளே மைக்கில் ஒருத்தன் வாசித்துக்கொண்டிருந்தான்: அந்த ஏரியின் ஆண் விரால்கள் முழு ஆரோக்கியத்துடன் உள்ளன, அறுபது ஆண்டு அனுபவம் உள்ள பெரியவர் சுப்பராயலுவே அதற்குச் சாட்சி. எல்லாரும் கைதட்டினார்கள். இந்தக் கைதட்டலுக்குத்தான் நான் ஏங்கினேன், மாப்பிள்ளை. கேட்டபோது யாரோ என் வாயில் சேற்றை அப்பின மாதிரி இருந்தது. அந்த மூன்றும் உங்கள் மீன்.

பேர் கூப்பிட்டார்கள். ஏறினேன். பொன்னாடையோடு கம்பெனி ஆள் மைக்கை வாயருகே பிடித்தான்.

"அந்த மூணும் எங்க ஏரி மீன் இல்ல. வந்தவாசியிலேர்ந்து எங்க மாப்பிள்ள கொடுத்தனுப்புனது. காலு புண்ணுன்னு பொய் சொல்லி வாங்கினு வந்து நான்தான் மதகாண்ட உட்டேன்."

"ஐயா, ஏன் அப்படிச் செஞ்சீங்க?" என்று அதிகாரி கேட்டார்.

"பொறாமைங்க" என்றேன்.

மண்டபமே சிரித்தது. பின்னாலிருந்து ஒருத்தன், "யோவ் பெருசு, கம்பெனி வந்தா எங்க புள்ளைங்களுக்கு வேல, வாய வெச்சினு சும்மா இரு" என்று கத்தினான். அவன் பையன் மூன்று வருஷமாகச் சும்மா இருக்கிறான், கத்தத்தான் செய்வான். சிரிப்பு அடங்கியதும் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியாகத் தகப்பன் காவல் நின்ற கூட்டத்தைப் பார்த்தது இரண்டாயிரத்துப் பத்தொன்பது புரட்டாசி. மறுவருஷம் இரண்டு கூட்டம், இரண்டும் அனாதை. அதற்கடுத்த வருஷம் ஆண் மீனை அறுத்துச் சினை பார்த்தேன். யாரிடமும் சொல்லாமல் மண்ணில் புதைத்தேன். உங்களுக்கு எழுதின மூன்று கூட்டமும் பொய். ஒன்று விடாமல் சொன்னேன்.

எழுதிக்கொண்டு ரேகை வாங்கினார்கள். ஷெர்லின் எழுதினதை எடுத்துக்கொள்ள முடியாதாம். ஒரு வருஷம் புதிதாகச் சோதித்துப் பார்க்கிற வரை குழாய் கிடையாது என்று அதிகாரி எழுதியிருப்பதாகச் சசிகலா சொல்கிறாள். அதற்குப் பிறகு என்ன என்று யாருக்கும் தெரியாது. ஃபிளெக்ஸை அன்று மாலையே கழற்றிவிட்டார்கள்.

ஷெர்லின் வாசலில் என்னை நிறுத்தி, "என் ஒரு வருஷத்தைத் தின்னுட்டீங்களே ஐயா" என்றாள். பிறகு அவள் பஸ்ஸும் எங்கள் பஸ்ஸும் ஒன்றாக இருந்தது. முன் சீட்டில் திரும்பாமலே உட்கார்ந்திருந்தாள்.

உங்கள் எட்டுப் பக்கத்தை அடுப்பில் போடவும். எழுதியே இருக்கமாட்டீர்கள், தெரியும்.

சுப்பராயலு


9.8.2025

மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் சித்திரைக் கடிதம் வந்தது. கைதட்டினார்களா என்று மட்டும் கேட்டிருந்தீர்கள். இல்லை. கனகத்துக்குக் கண் புரை எடுத்தது நன்றாக ஆறிவருகிறது என்று பாபு போனில் சொன்னான். சொட்டு மருந்தை நிறுத்தாமல் போடச் சொல்லவும். இங்கே சசிகலாவுக்கு லைன் மாற்றிவிட்டார்கள், நின்றே வேலை. எழுதும்போது காலை நீட்டி வைத்துக்கொண்டு எழுதுகிறாள்.

ஷெர்லின் வைகாசியில் திரும்பி வந்தாள். முதலிலிருந்து செய்ய வேண்டுமாம். தெப்பம் தள்ள ஆள் வேண்டும் என்று சசிகலாவிடம் சொல்லிவிட்டாள். என்னிடம் நேரே கேட்கவில்லை. நானும் கேட்காமலே போய்த் தள்ளுகிறேன். இப்போது கொஞ்சம் பேசுகிறாள்.

நீங்கள் அனுப்பிய ஆறில் மூன்று அவள் ஐஸ் பெட்டியில் போனது. மீதி மூன்று, நான் மறுபடி கட்டிய வலைக்குள், மதகுக் குழியிலேயே இருந்தன. அவற்றைக் கூண்டு வலையில் விட்டு, நல்ல தண்ணீர் மீன் எங்கள் தண்ணீரில் என்ன ஆகிறது என்று பார்க்கிறாள். வாரம் ஒரு முறை நான்தான் பிடித்து அழுத்துவேன், அவள் எழுதுவாள். ஆனியில் மூன்றிலும் பால் வந்தது. ஆடி பிறந்ததும் இரண்டில். இந்தப் பருவத்தில் ஆண் மீனுக்கு எப்படிப் பீச்ச வேண்டும் என்று நமக்குத் தெரியும்.

நேற்று அழுத்தியபோது முதல் இரண்டில் ஒன்றும் வரவில்லை. மூன்றாவது, போட்டோவில் இருந்த மாதிரியே செவுளுக்குப் பின்னால் வடு உள்ள இன்னொரு பெரிய மீன், அதில் தண்ணீர் மாதிரி ஒரு சொட்டு வந்தது. ஷெர்லின் எழுதிக்கொண்டாள். நான் விடவில்லை. ஐம்பது வருஷமாக உங்கள் மீனுக்கு ஒரு கெடுதல் வரட்டும் என்று நினைத்தவன் நான், மாப்பிள்ளை. காலையில் எழுந்ததும் நினைத்திருக்கிறேன். கோயிலில் நின்றுகொண்டும் நினைத்திருக்கிறேன். அது என் கையில் துள்ளிக்கொண்டிருந்தது. நான் இன்னும் ஒரு சொட்டு வராதா என்று அழுத்திக்கொண்டே இருந்தேன்.

"விடுங்க ஐயா, செத்துரும்" என்று ஷெர்லின்தான் கையிலிருந்து வாங்கித் தண்ணீரில் விட்டாள்.

சுப்பராயலு